கேதரின் திருத்திக் கொடுத்த ஸ்கெர்ட்சோ

மலாயாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராயிலிருந்து நாலாவது மைல்கட்டையில் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில், தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட டிரெசர் ஆர்தரின் மனைவி கேதரினைப் பற்றி ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். பிரசவ வலி என்று தொழிலாளர் லயத்திலிருந்து ஆள் வந்தால் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவாள். காய்ச்சல்காரர்களுக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை சிற்றாலயத்தில் ஆர்மோனியம் வாசிப்பாள். பொறாமை என்கிற சரக்கு மட்டும் அவளிடம் கொஞ்சம் அதிகமாக இருந்தது. அதை அவள் வெளியே காட்டியதே இல்லை. காட்டியிருந்தால் நாலு பேர் சிரித்திருப்பார்கள், அதுவும் அங்கேயே தீர்ந்துபோயிருக்கும். உள்ளேயே வைத்து வளர்த்ததுதான் வினையாகிவிட்டது.

அது பினாங்கில், அவளுடைய பதினாறாவது வயதில் தொடங்கியது. அப்பா பிறை ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் கிராணி. ஐந்து பெண்களில் இவள் ஒருத்திக்குத்தான் சங்கீதம் வரும் என்று கண்டுபிடித்து, கன்னிமார் மடத்துப் பள்ளியில் பியானோ படிக்கச் சேர்த்தார். அங்கே இசை சொல்லிக் கொடுத்தவர் அயர்லாந்து தேசத்து வயதான சிஸ்டர் ஒருவர். ஸ்கெர்ட்சோ என்ற பெயரை அவர் வாயிலிருந்துதான் கேதரின் முதலில் கேட்டாள்.

அது முன்பு பெரிய வாத்தியக் குழுக்களின் சொத்து என்றார் சிஸ்டர். நீண்ட இசை ஒன்றின் நடுவே, கனமான பகுதிகள் கேட்டு அலுத்தவர்கள் சற்றுக் குதித்துக் களைப்பாற வைத்த துண்டு. இத்தாலிக்காரர்கள் அதற்கு வேடிக்கை என்றே பெயர் வைத்திருந்தார்கள். பிறகு போலந்து நாட்டுக்காரர் ஒருவர் அதைத் தனியே பிரித்தெடுத்துப் பியானோவுக்குக் கொடுத்தார். பெயர் பழையதுதான், வேடிக்கைதான் காணாமல் போயிற்று. கிசுகிசுவென்று ஒரு கேள்வி. உடனே கதவை உடைக்கிற சத்தத்தில் ஒரு பதில். அப்புறம் சட்டென்று மௌனம். மறுபடியும் அதே கேள்வி. தாளத்தின் எண்ணிக்கை என்னவோ மூன்றுதான், ஆனால் போகிற ஓட்டத்தில் மூன்றையும் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. மூன்றும் சேர்ந்து ஒரே தட்டாக விழ வேண்டும். நடுவில் மட்டும் ஓட்டம் நின்று, நிதானமாக ஒரு பாட்டு வரும். அது முடிந்ததும் பழைய புயல் திரும்பி வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடும்.

அதை வாசித்தால் பேர் வாங்கலாம் என்று கேதரின் உடனே புரிந்துகொண்டாள். சிஸ்டர் அதைப் பேட்ரிசியாவுக்குக் கொடுத்தார். பேட்ரிசியா கேதரினின் சினேகிதி, நீளமான விரல்காரி. "உன் கை சின்னது, குழந்தை. உனக்கு வால்ட்ஸ் நன்றாக வருகிறதே, அதை வாசி" என்று கேதரினின் தோளைத் தட்டிவிட்டுப் போனார் சிஸ்டர். பரிசளிப்பு விழாவில் பேட்ரிசியா வாசித்தாள். பக்கத்தில் நின்று புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டிப் போட்டவள் கேதரின். கைதட்டல் வந்தபோது பேட்ரிசியா மட்டும் எழுந்து குனிந்து வணங்கினாள். பக்கம் புரட்டியவள் குனியலாமா கூடாதா என்று தெரியாமல் சுவரோரமாக நகர்ந்துகொண்டாள். அன்று சாப்பிட உட்கார்ந்தவளுக்கு ஒரு கவளம்கூட இறங்கவில்லை.

இருபத்தோரு வயதில் ஆர்தரைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தாள். நல்ல மனிதர், அதிகம் பேசாதவர். டிரெசர் குவார்ட்டர்ஸில் பியானோ எங்கே இருக்கும்? ஆனால் வந்த இரண்டாவது வாரமே மேட்டிலிருந்த வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் ஒன்று இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை துரைசாணி வாசிப்பது மேட்டிலிருந்து ஆஸ்பத்திரி வாசல்வரை கேட்கும். என்னதான் வாசிக்கிறாள் என்று காது கொடுத்துக் கேட்டபோது கேதரினுக்கு அடிவயிறு பற்றி எரிந்தது. அதே ஸ்கெர்ட்சோ.

துரைசாணி ஒன்றும் பெரிய வித்வாம்சினி இல்லை. கொஞ்ச தூரம் ஓடுவாள், தப்பு வரும், நிற்பாள், நாலு வரி பின்னால் போவாள், அதே இடத்தில் மறுபடி தப்பு வரும், மறுபடி பின்னால் போவாள். வருஷக்கணக்கில் அதே இடங்கள், அதே தப்புகள். ஒரு கிறிஸ்துமஸுக்குக் கேதரின் கேக் செய்து எடுத்துக்கொண்டு போய், பியானோவை ஒரே ஒரு தடவை வாசித்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். சுருதி ரொம்பக் கெட்டுக் கிடக்கிறது, கேட்டால் உனக்குக் காது வலிக்கும் என்று துரைசாணி சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். கேக்கை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அந்தச் சுருதி கெட்ட பியானோ வழக்கம்போல் கேட்டது.

உள்ளே போகிற பாக்கியம் நவமணிக்குக் கிடைத்தது. அவள் பால்வெட்டுக்கார மணியத்தின் மனைவி, பங்களாவில் ஆயா. குழந்தையைப் பார்த்துக்கொள்வது, வீட்டைப் பெருக்குவது, பியானோவைத் துடைப்பது, கரையான் ஏறாமல் பியானோவின் கால்களுக்கு அடியில் இருந்த தகரக் கிண்ணங்களில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது, இவ்வளவும் அவள் வேலை. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. கூரையில் சுழன்ற காற்றாடி புத்தகத்தின் தாள்களைத் தூக்கிக்கொண்டே இருக்கும். துரைசாணி வாசிக்கும்போது பக்கத்தில் நின்று அந்தத் தாளை விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். இரண்டு மணி நேரம், தினமும், ஏழு வருஷம். கேதரின் இதைக் கேள்விப்பட்டபோது, போயும் போயும் ஓர் ஆயாவா என்று நினைத்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா என்று ஆர்தரிடம் கேட்டாள். தெரியாது என்று ஆர்தர் சொன்னதும் சற்று ஆறுதலாக இருந்தது.

நாற்பத்தொன்று டிசம்பரில், ஜப்பான் பட்டாளம் வருகிறது என்றதும், துரையும் துரைசாணியும் குழந்தையோடு காரில் ஏறித் தெற்கே போனார்கள். பியானோவையும் புத்தகத்தையும் கொண்டுபோக முடியவில்லை. அடுத்த வருஷ நடுவில் பங்களாவுக்கு முராத்தா வந்தார். அவர் பட்டாளத்துக்காரர் இல்லை, ஜப்பான் ரப்பர் கம்பெனி ஒன்றின் ஆள். கண்ணாடி போட்டவர், பாசார் மலாய் என்கிற சந்தை மலாய் பேசுவார், கை ஓங்கமாட்டார். நவமணியை அதே வீட்டு வேலையில் வைத்துக்கொண்டார். பாதித் தோட்டத்தை வெட்டி மரவள்ளி நடச் சொன்னவரும் அவர்தான். கூடவே ஒரு கிராமபோனும் ஒரு பெட்டி இசைத்தட்டும் கொண்டுவந்திருந்தார். ஊசி தீர்ந்துபோய், மூங்கில் சீவிப் போட்டுப் பார்த்ததில் தட்டுகள் ஒவ்வொன்றாகப் பாழாயின. கடைசியாகப் போனது ஸ்கெர்ட்சோ. அதே ஸ்கெர்ட்சோவின் புத்தகம் பியானோமேல் கிடப்பதைப் பார்த்ததும், இதை வாசிக்கத் தெரிந்த ஆள் தோட்டத்தில் உண்டா என்று தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி தர்மலிங்கத்தைக் கேட்டார். தர்மலிங்கம் கொஞ்சமும் யோசிக்காமல் டிரெசர் வீட்டம்மா என்றார்.

நாற்பத்து மூன்று பிப்ரவரியில் கேதரின் பங்களாவுக்குப் போன நடையைப் பார்த்திருக்க வேண்டும். சேலை எல்லாம் ஒட்டுப்போட்டது, காலில் ரப்பர் துண்டில் வெட்டிய செருப்பு, ஆனாலும் ஒரு மகாராணி மேடு ஏறினாள். பதினைந்து வருஷம் காத்திருந்த புத்தகம் கடைசியில் அவள் முன்னால் விரிந்தது. ஏப்ரல் இருபத்தொன்பது ஜப்பான் சக்கரவர்த்தி பிறந்தநாள், சுங்கை பட்டாணியிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள், அதற்குள் தயாராக வேண்டும் என்றார் முராத்தா.

ஆறு வாரம் உயிரைக் கொடுத்து உழைத்தாள். நடுவில் வரும் அந்த நிதானமான பாட்டு வந்துவிட்டது, அழகாகவே வந்தது. முன்னும் பின்னும் இருந்த புயல்தான் வரவில்லை. கை எட்டவில்லை. எட்டின இடத்தில் வேகம் இல்லை. வேகத்தைக் கூட்டினால் சுரம் தவறியது. சிஸ்டர் சொன்னது சரிதான் என்பதை ஒத்துக்கொள்வதைவிட விரலை ஒடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. முராத்தா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்.

இதற்கிடையில் சயாமுக்கு ஆள் கேட்டு உத்தரவு வந்தது. அங்கே ரயில் பாதை போடுகிறார்களாம். இந்தத் தோட்டத்திலிருந்து முப்பது பேர் போக வேண்டும். மூன்று மாதத்தில் திருப்பி அனுப்பிவிடுவதாகச் சொன்னார்கள். கோலா கெத்தில் பக்கமிருந்து முதலில் போனவர்கள் ஒருவர்கூடத் திரும்பவில்லை, கடுதாசியும் இல்லை. தர்மலிங்கம் எழுதிய பட்டியலில் பதினோராவது பெயர் மணியம். ஆர்தரின் பெயர் அதில் இல்லை. இருக்கிற ஒரே டிரெசரை விடமுடியாது என்று முராத்தாவே சொல்லிவிட்டார். இதை இங்கேயே அழுத்திச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு கேதரின் செய்ததைப் புருஷனைக் காப்பாற்றச் செய்தாள் என்று யாராவது நியாயம் பேசக்கூடும். அவள் புருஷனுக்கு ஓர் ஆபத்தும் இருக்கவில்லை.

ஏப்ரல் நடுவில் ஒருநாள் கேதரின் நேரம் தவறிப் பங்களாவுக்குப் போனாள். ஜப்பான்காரர்கள் எல்லாக் கடிகாரங்களையும் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். ஆர்தர் வீட்டுக் கடிகாரத்தை மட்டும் பழைய நேரத்திலேயே ஓடவிட்டிருந்தார், அது அவருடைய ரகசிய வீம்பு. அதற்காகத் தினமும் மனக்கணக்குப் போட்டுப் புறப்படும் கேதரின் அன்று கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டாள். படியேறும்போதே உள்ளேயிருந்து ஸ்கெர்ட்சோ கேட்டது.

பேட்ரிசியா வாசித்ததுகூட இப்படி இல்லை. அந்தக் கிசுகிசுப்பு மயிர்க்கால்களை நிமிர்த்தியது. பதில் வந்து விழுந்தபோது வராந்தாப் பலகை அதிர்ந்தது. மூன்றும் ஒன்றாகி, அந்த ஒரே தட்டின்மேல் எல்லாம் பறந்தது. அப்புறம் ஓரிடத்தில் நின்று, நாக்கை ஒரு சொடுக்குச் சொடுக்கி, நாலு வரி பின்னால் போய், மறுபடி அந்த இடத்துக்கு வந்து, மறுபடி நின்று, மறுபடி பின்னால் போய், மூன்றாவது தடவை தாண்டிச் சென்றது.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால், வாசிப்பது நவமணி. கேதரினுக்கு முதலில் சிரிப்பு வந்தது. துரைசாணியின் தப்புகளையும் சேர்த்துப் பாடம் பண்ணி வைத்திருக்கிறாள் ஆயா. நாக்குச் சொடுக்கைக்கூட விடவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. தப்புகளை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. நெஞ்சில் மிளகாயை அரைத்துப் பூசினதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தபோது, கீழ்ப்படியில் தொப்பியைக் கையில் பிடித்தபடி முராத்தா நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

இருவரும் உள்ளே போனதும் நவமணி எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அடிதான் விழும் என்று நினைத்தவள், முராத்தா எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே துரைசாணி இல்லாதபோதெல்லாம் வாசித்துப் பார்த்ததை ஒப்புக்கொண்டாள். முராத்தா மலாயில் கேட்டார்: "உனக்குப் புருஷன் உண்டா?"

"இருக்காருங்க. பேரு பட்டியல்ல இருக்கு. மணியம்."

விழாவில் இதை ஒழுங்காக வாசித்துவிட்டால் அந்தப் பெயரை அடித்துவிடுகிறேன் என்றார் முராத்தா. பிறகு கேதரின் பக்கம் திரும்பி, இவள் அங்கங்கே நின்று நின்று போகிறாள், உனக்குப் புத்தகம் தெரியும், நீ திருத்திக் கொடு என்றார். இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

ஆக, கேதரின் மறுபடியும் பக்கம் புரட்டப் போனாள்.

முதல் நாள் நவமணி அவளிடம் கேட்ட கேள்வியை வேறு எந்த ஊர்ப் பியானோக்காரியும் கேட்டிருக்க மாட்டாள். "அம்மா, இங்க மூணு தடவை திரும்பித் திரும்பி வருதே. மூணும் பாட்டுலயே உள்ளதா, இல்ல துரைசாணி தப்புவிட்டு மறுபடி வாசிச்சதா?"

அது நியாயமான கேள்விதான். ஸ்கெர்ட்சோவே கேட்டதைத் திரும்பக் கேட்கிற சாதி, நடுவில் பட்டென்று நிற்கிற சாதி. துரைசாணியும் நின்றாள், திரும்பப் போனாள். எது போலந்துக்காரர் வைத்த மௌனம், எது துரைசாணி மூச்சு வாங்கிய மௌனம் என்று புத்தகம் படிக்கத் தெரியாதவளுக்கு எப்படித் தெரியும்? அவள் கணக்கில் எல்லாம் ஒரே பாட்டு.

"மொத ரெண்டும் பொஸ்தகத்துல இருக்கு. மூணாவது துரைசாணியோடது."

"அப்ப அத விட்டுறவாம்மா?"

"விடணும். நாக்கு சொடுக்குறதயும் விடணும்."

நவமணி வெட்கத்தோடு சிரித்துவிட்டு வாசித்தாள். அந்த இடம் வந்ததும் கை தானாகப் பின்னால் போயிற்று. கூடாது என்று ஞாபகம் வந்து நிறுத்தினாள். நிறுத்தினதும் அடுத்து என்ன என்பதும் நின்றுவிட்டது. தொடக்கத்திலிருந்து வந்தால்தான் அவளுக்கு வரும். மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

இரண்டாம் நாளே கேதரினுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. இவளுக்கு இது ஒரே சங்கிலி. ஒரு கண்ணியைக் கழற்றினால் மொத்தமும் அறுந்துபோகும். முராத்தா உருகி நின்றது தப்புகளோடு கேட்டுத்தான். இவளை அப்படியே வாசிக்க விட்டுவிட்டால், அந்த வேகத்தில் வரப்போகிற அதிகாரிகளுக்கு எதுவும் தெரியாது. "நான் சொன்னதையெல்லாம் மறந்துரு நவமணி. நீ எப்பவும் வாசிக்கிறாப்ல வாசி." இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. நவமணியின் விரல்கள் அப்போது கட்டைகளின்மேல் சும்மா கிடந்தன, நீளமாக, எட்டாத இடமே இல்லாத மாதிரி. கேதரின் வார்த்தையை விழுங்கிவிட்டாள்.

"எண்ணி வாசிக்கணும். வாய்விட்டு எண்ணு. ஒண்ணு, ரெண்டு, மூணு."

"இது அப்படி எண்ணுற மாதிரி வரலையேம்மா. ஒண்ணாத்தானே விழுது?"

"அது துரைசாணி பழக்கம். மொதல்ல எண்ணிப் பழகணும்."

பொய்யென்றும் சொல்ல முடியாது. சிஸ்டரும் சின்னப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுப்பார். ஆனால் பறக்கத் தெரிந்த ஒன்றை நடக்கப் பழக்குகிறோம் என்று கேதரினுக்குத் தெரியும். மூன்றாம் நாள் புத்தகத்தைப் பார்க்கச் சொன்னாள். நாலாம் நாள் சுரங்களின் பெயர்களைச் சொல்லிக் கொடுத்தாள். ஒவ்வொரு தப்பையும் பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டினாள். குரலை உயர்த்தவே இல்லை, ஒரு நாள்கூட மட்டம் போடவில்லை, மரவள்ளிக் கிழங்கு அவித்து இருவருக்கும் எடுத்துப் போனாள். பார்த்தவர்கள், ஒரு ஆயாவுக்காக டிரெசர் வீட்டம்மா இப்படி மெனக்கெடுகிறார்களே என்று வியந்தார்கள். அவள் சொல்லிக் கொடுத்த எதிலும் ஒரு பிழை இருக்கவில்லை. அத்தனையும் புத்தகப்படி சரி.

நவமணி பாவம், அத்தனையையும் நம்பினாள். காலையில் கிணற்றடியில் நின்றபடி உதடு அசைய எண்ணிக்கொண்டிருப்பாள். மணியம் ஒருநாள் வேலை முடிந்து பங்களாப் பின்வாசலுக்கு வந்து நின்று கேதரினைக் கும்பிட்டான்.

"அது மக்கு இல்லம்மா. கொஞ்சம் பயந்துருச்சி. நீங்கதான் பாத்துக்கணும் லா."

பார்த்துக்கொள்கிறேன் என்று கேதரின் சொன்னாள்.

எட்டாம் நாள் சாப்பிடும்போது ஆர்தர் வாயைத் திறந்தார். "ஏன் கேத்தி, அந்தப் பொண்ணுக்கு வருதா?"

"திருத்திக்கிட்டு இருக்கேன்."

"முன்னெல்லாம் அது கள்ளத்தனமா வாசிக்கிறது ஆஸ்பத்திரிக்குக் கேக்கும். துரைசாணி திரும்பி வந்துட்டாங்களோன்னு ஒருநா நெனச்சேன். இப்ப என்னமோ முட்டி முட்டி நிக்கிது."

"தப்பு தப்பா வாசிச்சிக்கிட்டிருந்தா. சரி பண்ண நாளாகுமில்ல?"

கேதரின் தட்டைக் கழுவ எழுந்தபோது, இன்னும் நாலு நாள் இருக்கிறது, இப்போது சொன்னாலும் கை பழைய வழிக்குத் திரும்பிவிடும் என்று நினைத்தாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தாள். மறுநாள் நவமணி நடுவிலுள்ள அந்த நிதானமான பாட்டை வாசித்தாள். அதில் எண்ணவும் திருத்தவும் அதிகம் இல்லாததால் அது கெடாமல் இருந்தது. கேதரினுக்கு ஆறு வாரத்தில் அழகாக வந்த ஒரே இடம் அது. நவமணி அதை அவளைவிட அழகாக வாசித்தாள். கேதரின் பென்சிலை எடுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் இருபத்தொன்பது காலை முப்பது பேரும் மற்றவர்களும் பங்களாப் புல்தரையில் வரிசையாக நின்று கிழக்குப் பக்கம் குனிந்து வணங்கினார்கள். பிறகு கூடத்தில் அதிகாரிகள் எட்டுப் பேர் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். ஜன்னல்கள் திறந்திருந்தன. மணியம் முதல் வரிசையில் நின்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். நவமணி துவைத்துக் கட்டிய நீலச் சேலையில் பியானோ முன்னால் உட்கார்ந்தாள். கேதரின் பக்கத்தில் நின்றாள்.

கேள்வி நன்றாக விழுந்தது. பதிலும் விழுந்தது. மௌனம். மறுபடி கேள்வி. முராத்தாவின் முகம் மலர்ந்தது. பிறகு அந்த முதல் இடம் வந்தது. கை பின்னால் போகப் பார்த்தது, நவமணி அதை இழுத்து நிறுத்தினாள், உதடு ஒன்று இரண்டு மூன்று என்று அசைந்தது, விரல் எதையோ தேடிவிட்டு நின்றது. மன்னிப்புக் கேட்கிற பார்வையோடு முதலிலிருந்து தொடங்கினாள். அதே இடத்தில் நின்றது. மூன்றாவது தடவை அந்த இடம்வரைகூட வரவில்லை. ஓர் அதிகாரி பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். முராத்தாவின் காதுகள் சிவந்தன. நவமணி கேதரினை அண்ணாந்து பார்த்து, "அடுத்தது என்னம்மா?" என்று கேட்டாள்.

அடுத்தது என்ன என்று கேதரினுக்குத் தெரியும். அதைக் கையால் காட்டத்தான் தெரியாது.

முராத்தா எழுந்து வந்து நவமணியை எழுப்பினார். கேதரினைப் பார்த்து, எதையாவது வாசி என்றார். கேதரின் உட்கார்ந்தாள். ஸ்கெர்ட்சோவின் நடுவில் இருக்கும் அந்த நிதானமான பாட்டை மட்டும், முன்னும் பின்னும் இல்லாமல், ஒரு சுரம் பிசகாமல் வாசித்தாள். அதிகாரிகள் கைதட்டினார்கள். இந்தத் தடவை குனிந்து வணங்க அவளுக்கு உரிமை இருந்தது, வணங்கினாள். முராத்தாவுக்கு அது முழுசில்லை என்று தெரியும். ஆனாலும் மானத்தைக் காப்பாற்றினாளே என்று, என்ன வேண்டும் கேள் என்றார்.

சனிக்கிழமைகளில் வந்து பியானோ வாசிக்க அனுமதி வேண்டும் என்று கேட்டாள். கிடைத்தது.

மணியம் என்ற பெயர் அப்போது அவள் நினைவுக்கே வரவில்லை. இது சத்தியம். காதில் கைதட்டல் மட்டும் நிறைந்திருந்தது. வீட்டுக்கு வந்து சேலை மாற்றும்போதுதான் நினைவு வந்து, அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். மறுநாள் காலையில் ஓடினாள். முராத்தா அலோர் ஸ்டார் போயிருந்தார். அவர் திரும்பி வந்த நாளுக்கு முதல் நாள், முப்பது பேரையும் லாரியில் ஏற்றிச் சுங்கை பட்டாணிக்குக் கொண்டுபோய் ரயிலில் அனுப்பிவிட்டார்கள்.

அந்த வருஷக் கடைசியில் கெடாவையே சயாமுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று சேதி வந்தது. தோட்டத்தில் யாருக்கும் அதனால் அரிசி கூடவில்லை. கேதரின் சனிக்கிழமைதோறும் பங்களாவுக்குப் போனாள். ஸ்கெர்ட்சோவின் நடுப்பகுதியை வாசித்துவிட்டு வருவாள். நவமணி கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றிவிட்டு சமையற்கட்டுக்குப் போய்விடுவாள். ஜப்பான்காரர்கள் சரணடைந்த பிறகு, வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னால் இருந்த சில வாரங்களில், யார் யாரோ பங்களாவுக்குள் புகுந்து நாற்காலி மேசைகளோடு பியானோவையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

நாற்பத்தாறு பிப்ரவரியில் சயாமிலிருந்து அய்யாவு என்ற ஓர் ஆள் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தான். போன முப்பது பேரில் பிழைத்தது நாலு பேர் என்றான். மணியம் காலராவில் போய் இரண்டரை வருஷமாகிறதாம்.

கேதரின் துக்கம் விசாரிக்க லயத்துக்குப் போனாள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனாள். நவமணி பாய் விரித்து உட்காரச் சொன்னாள். வேறு யாரும் இல்லை. நவமணிதான் தொடங்கினாள்.

"உங்கள நெனக்காத நாளு இல்லம்மா. பன்னெண்டு நாளு. எனக்காக யாரு அப்படி உக்காந்து சொல்லிக் குடுத்தா? எம் மண்டையிலதான் ஏறல. நான் ஒழுங்கா வாசிச்சிருந்தா அவரு இங்க இருந்திருப்பாரு. நாந்தாம்மா அவர அனுப்பி வச்சேன்."

"உன் தப்பு இல்ல நவமணி" என்றாள் கேதரின்.

அடுத்த வாக்கியம் ஒன்றுதான் பாக்கி. அதைச் சொல்லத்தான் வந்திருந்தாள். வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"இப்ப அது ஒனக்கு ஞாபகம் இருக்கா? பழைய மாதிரி, துரைசாணி வாசிச்ச மாதிரி?"

நவமணி விரல்களைப் பாயின்மேல் வைத்துப் பார்த்தாள்.

"இல்லம்மா. கைய வச்சா ஒண்ணு ரெண்டு மூணுன்னு நீங்க எண்ணுறதுதான் கேக்குது. பாட்டு போயிருச்சி."

கேதரினின் வயிறு குளிர்ந்தது. புருஷனைப் பறிகொடுத்தவளின் வீட்டில், அவள் விரித்த பாயில் உட்கார்ந்துகொண்டு, பதினெட்டு வருஷமாக இறங்காத ஏதோ ஒன்று இறங்கி, மனசு லேசாயிற்று. அது சந்தோஷம்தான், வேறு பெயர் கிடையாது. அடுத்த கணம் அவளுக்கே அது தெரிந்துவிட்டது. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு குனிந்துவிட்டாள்.

தனக்காகத்தான் அழுகிறாள் என்று நவமணி நினைத்தாள். எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "அழாதீங்கம்மா, நீங்க செய்ய முடிஞ்சதயெல்லாம் செஞ்சீங்க" என்று அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். கேதரினால் அந்தக் கையை உருவிக்கொள்ள முடியவில்லை.